டிரையரில் சுட்ட பேட்டரி

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பொய் பேச மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நல்ல பெயர் உண்டு. நான் இதுவரை அதை மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். உண்மை என்னவென்றால், எங்களைப் போன்றவர்கள் பொய்யைப் பேசுவதில்லை, தலையாட்டி வைத்துவிடுகிறோம். என் வாழ்க்கையில் நான் ஆட்டிய தலைகளிலேயே மோசமானது, எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் ஆட்டியதுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் ஒரு தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில், டிரையரில் வேலை. ரோலரில் அரைபட்டுப் பதமான தூள் ஈரமாக எங்களிடம் வரும். டிரையரின் சூட்டுக்காற்றில் அது காய்ந்து மொறுமொறுவென்று வெளியே விழும். விழுந்துவிட்டால் அது முடிந்த பொருள். அதற்குப் பிறகு சலித்துப் பெட்டியில் அடைப்பதுதான் பாக்கி. "டிரையரில இருந்து வந்துட்டா யாரும் குறை சொல்ல ஏலாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். (வேறு யாரிடமும் சொல்லும் தைரியம் இல்லை.)

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே தவறிவிட்டார். அவர் வாங்கி வைத்த ரேடியோ ஒன்று மட்டும் மேசைமேல் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு இருந்தது. அக்கா சரோஜா எட்டு மாதத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். ஓடிப்போகவில்லை. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துப் போனாள். ஆனால் அம்மா அவளைத் தன் அண்ணன் மகனுக்குக் கட்டிக்கொடுக்க வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினாள்.

"போறவ போ. இனி இந்தக் காம்பரா வாசல்ல ஒங் காலு படக்கூடாது" என்றார் அம்மா.

அக்காவும் அம்மாவின் மகள்தானே. படவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மலைநாட்டு ஆசிரியர்கள் பாடும் நிகழ்ச்சி ஒன்றுக்காக அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்துப் பதிவு செய்தார்களாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு ரேடியோவில் வருமாம். "அம்மா நமக்குப் பாடிய தாலாட்டைத்தான் பாடியிருக்கிறேன். எப்படியாவது அம்மாவைக் கேட்க வை" என்று முடித்திருந்தாள்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "எனக்கென்னா அதுக்கு" என்றார். சற்று நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே, "எத்தன மணிக்குன்னு சொன்ன?" என்றார்.

சிக்கல் இதுதான்: ரேடியோவில் பேட்டரி செத்துப் பல மாதம். அந்த வருடங்களில் இறக்குமதித் தடையால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. அட்டன் கடைகளில் பேட்டரி கேட்டால், "வந்தா சொல்றோம்" என்று சிரிப்பார்கள். அக்கம்பக்கத்து லயங்களில் இருந்த ரேடியோக்களும் இதே நிலைதான். அம்மா எதையும் கேட்கவில்லை. ஆனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் ரேடியோமேல் இருந்த துணியை எடுத்து உதறிவிட்டு மறுபடியும் போர்த்தினார். வழக்கமாக அது வருடத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு நடக்கிற காரியம்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்காதான் ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, நீ பத்தாப்பு வரைக்கும் படிச்சவன்தானே. ஒங்க புஸ்தகத்துல பேட்டரி செய்யிற விதம் இருக்குமே?"

இருந்தது. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தலையாட்டினேன்.

"அப்ப ஒனக்குச் செய்யத் தெரியும்?"

தெரியாது என்று சொல்ல, பத்துப் பெண்கள் நிற்கிற பீலிக்கரையில் வாயைத் திறக்க வேண்டும். தலையாட்டினேன்.

அன்று பின்னேரத்துக்குள் மேல் லயம், கீழ் லயம் எல்லாம் செய்தி போய்விட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பல மாதமாகக் காணாத ஒன்று இருந்தது. அதற்குமேல் பின்வாங்க என்னால் முடியவில்லை.

பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதில் நாகக் கரைசலும் ஒரு நாகத் தகடும் (துத்தநாகத்தைத்தான் எங்கள் புத்தகம் நாகம் என்றது). அதற்குள் 'நுண்துளைப் பாத்திரம்' என்று ஒரு சின்ன மண் கிண்ணம். அதில் துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பின் கரைசலும் செம்பும். இரண்டு கரைசலும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஆனால் மின்சாரம் மட்டும் மண் சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகப் போய்வர வேண்டும். கதவைச் சாத்தியபடியே ஆளை உள்ளே விடச் சொல்கிற மாதிரி ஒரு வேலை. மற்றதையெல்லாம் எழுதிய புத்தகம், அந்தக் கிண்ணத்தை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதவில்லை.

சாமான்களுக்குக் குறைவில்லை. தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கிற துத்தமும், இலை செழிக்கத் தெளிக்கிற நாக உப்பும் தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்தன. செத்த பேட்டரிகளின் தோலே நாகத் தகடுதான். துரை பங்களாக் குப்பையில் ஜாம் போத்தல்கள் கிடைத்தன. ரேடியோவின் நான்கு பேட்டரிக்கு ஈடாக ஆறு போத்தல் வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

பாக்கி ஆறு மண் கிண்ணம். கினிகத்தேனையில் பாதையோரக் கடைகளில் தயிர் முட்டி என்கிற மண் சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். போத்தலுக்குள் போகிற அளவில் சின்ன முட்டி ஆறு கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். ஆனால் எதற்கு என்று கேட்பார். நான் சிங்களத்தில் ரேடியோ, அக்கா, தாலாட்டு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். ஒரு மனிதரிடம் நான்கு வார்த்தை பேசுவதைவிட ஆறு பாத்திரத்தை நானே வனைவது எனக்கு லேசாகத் தெரிந்தது. (இந்த ஒரு வரியில் என் வாழ்க்கை வரலாறு முழுவதும் அடங்கிவிடும்.)

ஓடைக்கரையில் களிமண் எடுத்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதானே. மண்ணைத் தேயிலைக் கொழுந்தாகவே நினைத்துக்கொண்டேன். முதலில் சாக்கில் பரப்பி வாட்டினேன். பிறகு ரோலர் சுற்றுகிற திசையிலேயே உள்ளங்கையால் உருட்டிப் பிசைந்தேன். ஈரச்சாக்குப் போட்டு மூடி ஒரு நாள் பதமாக விட்டேன். அடுப்பு மெழுகும்போது வெடிக்காமலிருக்க அம்மா மண்ணில் உமி கலப்பார். நான் உமிக்குப் பதில் தொழிற்சாலையில் கூட்டிய தேயிலைத் தூசியைக் கலந்தேன். தேயிலைக்குச் செய்வதெல்லாம் மண்ணுக்கும் செய்தாயிற்று. கிண்ணங்களை வனைந்து, உதவிக்கு ஒன்று கூடுதலாக ஏழாக்கி, டிரையரின் சூட்டுக்காற்று படுகிற இடத்தில் ஒரு தகரத்தட்டில் வைத்தேன்.

டிரையருக்குச் சூடு கொடுக்கிற பெரிய அடுப்பில் விறகு தள்ளுகிறவர் பெரியசாமி அண்ணன். தட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னா தம்பி, சின்னப்புள்ளைக சோறாக்கி வெளையாடவா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சட்டின்னா நெருப்புல வேகணும்ப்பா. எங்கிட்ட குடு. அடுப்புக்குள்ள தணல்ல போட்டுத் தாரேன்."

எங்கள் தொழிலில் கொலைக்கு அடுத்த குற்றம் கருகவிடுவது. ஒரு தட்டு தேயிலை கருகினால், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் குரல் மலை உச்சிவரை கேட்கும். நான் ஒரு வாரம் பாடுபட்டு வனைந்ததைக் கொண்டுபோய்த் தணலில் போடுவதா?

"வேணாண்ணே. கருகிப்போயிரும்."

"மண்ணு எப்படிப்பா கருகும்?"

"டிரையர் சூடு போதும்ணே."

அவர் என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு விறகுப் பக்கம் போனார். என் வாழ்நாளிலேயே வாயைத் திறந்து துணிச்சலாக மறுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அது அப்படி முடிந்தது.

மூன்று நாள் காய்ந்து கிண்ணங்கள் கல்லுப்போல் வந்தன. டீமேக்கர் ஐயா தேயிலையைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தேன். முகர்ந்து பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு பொட்டு உடைத்து விரலால் நெருடினேன். எல்லாம் அருமை. ஐயா கடைசியாகத் தண்ணீர் ஊற்றியும் பார்ப்பார். அதை மட்டும் நான் செய்யவில்லை. காய்ந்த சரக்கில் ஈரம் படக்கூடாதே. சனிக்கிழமை ஒரே ஒரு கிண்ணத்தில் மாத்திரம் கரைசல் ஊற்றி, கம்பிகளை நாக்கில் வைத்தேன். சுருக்கென்றது. உடனே கவிழ்த்து, துடைத்து, பத்திரமாக மறுபடியும் காயவைத்தேன்.

ஞாயிறு மூன்றரைக்கே எங்கள் காம்பராவில் நிற்க இடமில்லை. அம்மா, கோயிலுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளைச் சேலையில் இருந்தார்.

"என்னா மதினி, நல்ல சேலை?" என்றார் ராசம்மா அக்கா.

"பெட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிக்குது. அதுக்குத்தான்."

மேசையோரமாகத் தரையில், ரேடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்க உட்கார்ந்தார். தனக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமில்லை என்று அந்த முதுகு சொன்னது.

மேசைமேல் ஆறு போத்தல்களையும் வரிசையாக வைத்து, ஒன்றின் செம்பை அடுத்ததின் நாகத்தோடு கம்பியால் கட்டி, பூமாலைபோல் கோத்திருந்தேன். நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரைசல்களை ஊற்றினேன். கிண்ணங்களில் மயில் கழுத்து நீலம். ரேடியோவின் குமிழைத் திருப்பினேன்.

பேசியது.

உண்மையாகவே பேசியது. அறிவிப்பாளர் எங்கள் காம்பராவுக்குள் வந்து நின்று வணக்கம் சொன்னார். சனம் ஒரே சத்தம். ராசம்மா அக்கா, "நம்ம தம்பி தலையாட்டுனா ஆட்டுனதுதான்" என்றார். எனக்குக் காது சூடானது. அந்தப் பத்து நிமிடம் நான் இந்த நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானி.

முதலில் ஓர் ஆசிரியர் பாடினார். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது போத்தலில் ஏதோ புகைவது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். புகையில்லை, மண். கிண்ணத்தின் சுவரிலிருந்து மெல்லிய சேறு தண்ணீருக்குள் நூல் நூலாக இறங்கியது. பிறகு ஒன்றாம் போத்தலில். பிறகு ஐந்தில். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் மட்டும்?)

"அடுத்து, கொட்டகலையிலிருந்து ஆசிரியை சரோஜா, தன் தாயார் பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடுகிறார்."

சுளகில் அம்மாவின் கை நின்றது. முதுகு திரும்பியது. அம்மா உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து வந்து, மேசை விளிம்பில் நாடியை வைத்து, ரேடியோவையே பார்த்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. போத்தல்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆ…" என்று அக்காவின் குரல் வந்தது. அந்த ஒரே ஓர் 'ஆ' நன்றாக, தெளிவாக வந்தது. அடுத்தது சளி பிடித்த ஆம்பிளையின் குரல்போல் இறங்கியது. மூன்றாம் கிண்ணம் ஒரு பக்கமாகக் குந்த, செம்பு சரிந்து நாகத்தில் முட்டியது. நான் பாய்ந்து கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தேன். விளிம்பு மட்டும் என் கையோடு வந்தது. பதறிப்போய்ப் போத்தலைத் தூக்கினேன். ஆறும் கம்பியால் கோத்தவை ஆயிற்றே. ஒன்று எழும்ப, மற்ற ஐந்தும் நல்ல உறவுக்காரர்களைப்போல் பின்னாலேயே கிளம்பி, வரிசையாக மேசையைவிட்டு இறங்கி, அம்மாவின் மடியில் கவிழ்ந்தன.

ரேடியோ நின்றது. சனமும் நின்றது. வெள்ளைச் சேலையில் நீலச்சேறு சொட்டச்சொட்ட அம்மா அசையாமல் இருந்தார். சுளகில் அரிசியும் நீலம்.

"சரோஜா பாடி முடிச்சிருச்சா?" என்று பின்னாலிருந்து ராசம்மா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார் அம்மா.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. பீலிக்குப் போய்க் கையையும் சேலையையும் கழுவிவிட்டு வந்தார். சேறு போயிற்று, நீலம் போகவில்லை. மறுநாள் காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில், அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. அந்த நீலச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு. கொட்டகலைக்குப் போகணும்."

"எதுக்கும்மா?"

"மிச்சத்தக் கேக்க."

"வேற சேலை கட்டிக்கங்களேன்."

"இல்ல. நான் கேக்கத்தான் ஒக்காந்தேன்னு அவளுக்குத் தெரியணும்."

பஸ்ஸில் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, நீலநிறக் கைகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள். அட்டனில் இறங்கி அடுத்த பஸ் ஏறிக் கொட்டகலைக்கு வந்தோம்.

அக்கா வகுப்பிலிருந்து வெளியே ஓடி வந்தவள், சேலையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

"ஒந் தம்பி ரேடியோ போட்டான்."

"பாட்டு… கேட்டீங்களா?"

"எங்க கேக்க விட்டான்? மொத 'ஆ' மட்டும் கேட்டுச்சு. மிச்சத்த நீயே பாடு."

அக்கா சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்றுகொண்டு பாடினாள். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலைகள். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "ரெண்டாவது அடி தப்பு" என்றார். பிறகு தானே பாடிக் காட்டினார். அக்கா கூடச் சேர்ந்துகொண்டாள். ரேடியோ ஒழுங்காக வேலை செய்திருந்தால் அம்மா அந்தப் பாட்டைக் கேட்டு, அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீராப்பை விடாமல் இன்னும் எட்டு மாதம் இருந்திருப்பார். இதை நான் சொல்லவில்லை. அம்மாவே பிற்காலத்தில் சொன்னது.

அடுத்த வகுப்பிலிருந்து ஒல்லியாக ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிற சந்திரன் சார். அம்மாவுக்கு வணக்கம் வைத்துவிட்டு, சேலையைக் காட்டி, "மன்னிக்கணும், இது துத்தமா?" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டியது மட்டும் உண்மை.

அடுத்த ஞாயிறே எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். (பேட்டரியைப் பார்க்க என்றுதான் அப்போது நம்பினோம். அக்காவும் அன்று வந்திருந்தாள்.) இதற்கிடையில் நான் உதவிக்கு வைத்திருந்த ஏழாவது கிண்ணத்தைப் பெரியசாமி அண்ணன் என்னிடம் கேட்காமலே அடுப்பில் போட்டு எடுத்திருந்தார். செக்கச்செவேலென்று வந்தது. தட்டினால் கிண்ணென்றது. தண்ணீர் ஊற்றினால் கரையவில்லை. வெளிப்பக்கம் இலேசாக வேர்த்தது. சந்திரன் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார்.

"காயிறது வேற, வேகிறது வேற தம்பி. காய்ஞ்சா தண்ணி மட்டும்தான் போகும். வெந்தாத்தான் மண்ணு வேற பொருளா மாறும். நீங்க போட்ட தேயிலைத் தூசி எரிஞ்சு, அது இருந்த எடத்துல துளை விட்டிருக்கு. அதுதான் நுண்துளை."

பிறகு பல ஞாயிறுகள் அதே வேலையாகப் போயின. ஒரே ஓடைக்கரை மண்; ஆனால் செய்கிற விதத்துக்கு ஒரு குணம். தூசி கலக்காமல் சுட்டது இறுகிப்போய் ரேடியோ முனகியது. தூசி அதிகமானது சல்லடையாகி நீலத்தை ஒழுகவிட்டது. சரியாகப் பிசையாதது வெடித்தது. நாள் முழுக்கக் கடுந்தணலில் கிடந்த ஒன்று பீங்கான் கோப்பைபோல் மினுமினுத்து, மின்சாரத்துக்கு வழியே விடவில்லை. கடைசியில் அளவு பிடிபட்டது. ஆறு கிண்ணத்தில் ரேடியோ வாரக்கணக்கில் பாடியது. துத்தத்தை மட்டும் அவ்வப்போது மாற்றினோம். கடைகளுக்குப் பேட்டரி திரும்பி வருவதற்குள் சந்திரன் சார் எனக்கு மச்சானாகிவிட்டார். அம்மா கல்யாணத்துக்கும் அந்த நீலச்சேலையைத்தான் கட்டுவேன் என்றார். அக்கா காலில் விழாத குறையாகத் தடுத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது முடிந்தது என்று சொன்னாலும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி ஊத்திப் பாத்தியா?" எனக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் கேட்டார். (பெண்ணின் அப்பாவின் முன்னாலேயே. என் மனைவி இன்னும் அதை மறக்கவில்லை.)

போன மாதம் மச்சான் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையோடு வந்திருந்தார். லிதியம் என்கிற உலோகத்தை வைத்து ஒரு புதுவகைப் பேட்டரிக்கு வெளிநாட்டில் முயற்சி செய்கிறார்களாம். உள்ளே தண்ணீர்க் கரைசலே இல்லை. பீங்கான் மாதிரியான ஒரு வில்லை. அதன் வழியாகவே லிதியம் நடந்து போகுமாம். ஒரே மாவை அரைத்துச் சுட்டால் ஒரு குணம். கரைத்து, கூழாக்கி, காயவைத்துச் சுட்டால் வேறு குணம். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் லிதியமே ஆவியாய்ப் போய்விடும். அதில்தான் பெரிய பெரிய ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம்.

"நம்ம ஓடைக்கரை வேலைதான் தம்பி. அடுப்புதான் வேற" என்றார் மச்சான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உலகத்தில் எங்கேயோ ஒருவன் இந்த நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு அடுப்பைத் திறந்து, என்னைப்போலவே எதையோ முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். என்றைக்காவது அவனுக்கும் அளவு பிடிபடும்.

தொண்ணூறைத் தாண்டியும் மூலையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார். காதுதான் கொஞ்சம் மந்தமே தவிர, பேட்டரி என்ற சொல் மட்டும் எங்கிருந்தாலும் கேட்டுவிடும்.

"ஏன் மாப்ள, அவனுக தண்ணி ஊத்திப் பாத்தாங்களாமா?"

மச்சான் சஞ்சிகையைப் புரட்டினார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"அதுல சிலது ஈரக்காத்து பட்டாலே கெட்டுப்போயிருமாம் அத்த."

அம்மா மறுபடியும் சுளகுக்குக் குனிந்தார்.

"அப்ப அதுவும் நம்ம டிரையர்ல சுட்டதுதான்."